கடைக் கணினி முடங்கியதற்கு என் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். உண்மையில் பொறுப்பு யாருடையது?

கேள்வி: கவிதா, பிறை

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் கணக்கு வேலை பார்க்கிறேன். பில், ஸ்டாக், தவணைக்குச் சேலை வாங்கும் வாடிக்கையாளர்களின் ஐ.சி. (அடையாள அட்டை) எண், போன் நம்பர் எல்லாமே கடையில் இருக்கும் ஒரே கணினியில்தான். விண்டோஸ் 10 போட்டது.

தீபாவளி வியாபாரம் ஓய்ந்த பிறகு ஒரு திங்கட்கிழமை காலையில் கணினியைத் திறந்தால் எந்தக் கோப்பும் திறக்கவில்லை. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் ஏதோ புரியாத எழுத்துகள் ஒட்டியிருந்தன. திரை நடுவில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம்: பிட்காயினில் பணம் கட்டினால் சாவி தருவோம், போலீசுக்குப் போனால் எல்லாவற்றையும் அழித்துவிடுவோம் என்று. கணக்கு மென்பொருளின் பேக்கப்பும் அதே கணினியில் இன்னொரு டிரைவில்தான் இருந்தது. அதுவும் போய்விட்டது.

கணினியைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் வந்து பார்த்தார். "விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சு போச்சு. மைக்ரோசாப்ட்காரன் கை கழுவிட்டான், நான் என்ன பண்ண முடியும்" என்றார். அப்புறம் முதலாளி கேட்டதும், "யாராவது மெயில்ல வந்ததைத் திறந்திருப்பாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தை போதுமானதாகிவிட்டது. சனிக்கிழமை மாலை நான் ஒரு கூரியர் ரசீதைத் திறந்தது உண்மை. ஆனால் மெயிலைத் திறப்பதுதான் என் வேலை. சூரத்திலிருந்து வரும் பில்லும், லோரி கம்பெனியின் கணக்கும் மெயிலில்தான் வருகின்றன. திறக்காமல் எப்படி வேலை செய்வது?

இப்போது செலவு 3,000 வெள்ளி (ரிங்கிட்) என்று கணக்குப் போட்டு, மாதம் 250 வெள்ளி என் சம்பளத்தில் பிடிப்பதாக முதலாளி சொல்லிவிட்டார். பணம் ஒரு பக்கம். கடையில் உடன் வேலை செய்பவர்கள் என்னைப் பார்க்கும் பார்வையே மாறிப்போனதுதான் தாங்கவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். ஒரு கணினியின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு? விண்டோஸைச் செய்த கம்பெனியா, அதைப் போட்டுக் கொடுத்த டெக்னீஷியனா, கணினிக்குச் சொந்தக்காரரா, அதன் முன்னால் உட்கார்ந்து வேலை செய்பவளா?

பதில்: ரவி, சுபாங் ஜெயா

நான் மென்பொருள் எழுதுகிறவன். அதனால் சொல்கிறேன்: செய்தவன்தான் முதல் பொறுப்பு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒரு மின்விசிறி வாங்கி மாட்டுகிறோம், அது தீப்பிடித்தால் சுவிட்சைப் போட்டவரையா பிடிப்போம்? ஆனால் மென்பொருளில் அதுதான் நடக்கிறது. விண்டோஸ் உரிம ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். உங்களுக்கு என்ன நஷ்டம் வந்தாலும் அதற்குக் கொடுத்த விலை வரைக்கும்தான் கேட்க முடியும் என்று எழுதியிருக்கும். வியாபாரம் நின்றது, தகவல் அழிந்தது எதுவும் அதில் சேராது. திறந்தமூல மென்பொருளும் (யாரும் நிரலைப் பார்த்து மாற்றிக்கொள்ளும்படி வெளியிடுவது) இதில் மேல் இல்லை. 'உத்தரவாதம் எதுவும் கிடையாது' என்று முதலிலேயே போட்டுவிடுவார்கள். இலவசமாக எழுதிக் கொடுப்பவரை அதற்காகக் குறை சொல்ல மாட்டேன். காசு வாங்குகிறவர்களைச் சொல்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியம் இதைப் புரிந்துகொண்டு 2024-இல் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் கொண்டு வந்தது. அதன் முக்கிய விதிகள் 2027 டிசம்பர் 11 முதல் நடப்புக்கு வருகின்றன. தெரிந்த பாதுகாப்பு ஓட்டையோடு பொருளை விற்கக் கூடாது, பொதுவாகக் குறைந்தது 5 ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் கொடுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் தலையிலேயே பொறுப்பை வைக்கிறது. நம் மலேசியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல் சைபர் பாதுகாப்புச் சட்டம் அமலில் இருக்கிறது. ஆனால் அது வங்கி, மின்சாரம், போக்குவரத்து போன்ற முக்கியக் கட்டமைப்பை நடத்துபவர்களுக்கானது. உங்கள் துணிக்கடைக்கு மென்பொருள் விற்றவரை அது ஒன்றும் கேட்காது.

விண்டோஸ் 10 கதையும் அப்படித்தான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு இலவச அப்டேட் நின்றது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைத் தூக்கி எறியச் சொல்கிறார்கள். இதற்கு உங்களிடம் 250 வெள்ளி பிடிப்பது அநியாயம்.

பதில்: சேகர், பிரிக்பீல்ட்ஸ்

தங்கச்சி, எதையும் பேசுவதற்கு முன்னால் ஒரு காரியம். அந்தக் கணினியை யாரும் பார்மட் செய்ய விடாதீர்கள். டெக்னீஷியன் 'சுத்தம் பண்ணிப் புதுசாப் போட்டுத் தரேன்' என்று எடுத்துக்கொண்டு போனால் என்ன நடந்தது என்பதற்கான தடயமும் அதோடு போய்விடும். நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு அப்படியே வையுங்கள்.

நான் பிரிக்பீல்ட்ஸில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இந்த மாதிரி முடங்கிப்போன கணினிகள் என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன. வக்கீல் ஆபீஸ், பல் மருத்துவர், உணவகம் என்று. கூட வருகிற கதையும் பெரும்பாலும் ஒன்றுதான்: 'அந்தப் பொண்ணு எதையோ கிளிக் பண்ணிட்டா'. சம்பளம் குறைவான ஆள் யாரோ, பழி அவர் மேல் போய் உட்காருகிறது. இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு கொதித்துவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2017 மே 12 நினைவிருக்கிறதா? வானாக்ரை, இதே மாதிரி கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட மென்பொருள். பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளில் கணினிகள் முடங்கி, நோயாளிகளைத் திருப்பி அனுப்பினார்கள். முதல் நாள் பேச்சு என்ன? யாரோ ஊழியர் மெயிலைத் திறந்துவிட்டார் என்பதுதான். பிறகு ஆராய்ந்து பார்த்தால் அது பரவ எந்த மெயிலும் தேவைப்படவில்லை. கோப்புகளைப் பகிரும் விண்டோஸ் வசதியில் இருந்த ஓட்டை வழியாக ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகவே தாவியது. எந்த நர்ஸும் எதையும் கிளிக் செய்யவில்லை.

அந்த ஓட்டைக்கு யார் பொறுப்பு என்று பார்த்தால் வரிசை நீளம். எழுதியது மைக்ரோசாப்ட். அதைக் கண்டுபிடித்துச் சொல்லாமல் தன் ஆயுதமாக வைத்துக்கொண்டது அமெரிக்காவின் என்.எஸ்.ஏ. உளவு நிறுவனம். அங்கிருந்து கசிந்து ஏப்ரலில் இணையத்துக்கு வந்தது. ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பே, மார்ச் 14-ஆம் தேதியே, மைக்ரோசாப்ட் அப்டேட் கொடுத்துவிட்டது. தாக்குதல் நடக்கும்போது அது வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. போடாமல் விட்டது யார்? அந்தக் கணினிகளை நிர்வகித்தவர்கள்.

ரவி தம்பி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். தயாரிப்பாளர் தப்பிக்கக் கூடாது. ஆனால் ஓட்டையை அடைத்துக் கையில் கொடுத்த பிறகும் அதைப் போடவில்லை என்றால், அந்த இடத்திலிருந்து பொறுப்பு கை மாறிவிடுகிறது. யாருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இருந்ததோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அப்டேட்டை நிறுத்தி வைக்கவோ, பேக்கப்பை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கவோ உங்களுக்கு அதிகாரம் இருந்ததா? இல்லை என்றே நினைக்கிறேன்.

சரி, உங்கள் கணினிக்கு வருவோம். மூன்று விஷயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.

விண்டோஸ் அப்டேட்டில் 'அப்டேட் ஹிஸ்டரி' என்று இருக்கும். கடைசியாக எப்போது அப்டேட் விழுந்திருக்கிறது? அக்டோபரில்தான் சப்போர்ட் முடிந்தது. அதற்கு முன்பே நின்றிருந்தால் டெக்னீஷியன் சொல்வது சாக்கு.

கெட்டுப்போன கோப்பு ஒன்றின் மேல் வலது கிளிக் செய்து, எந்த நேரத்தில் மாற்றப்பட்டது என்று பாருங்கள்.

அப்புறம் 'ஈவென்ட் வியூவர்' திறங்கள். 'செக்யூரிட்டி' பதிவில் 4625 என்ற எண் வரிசையாக நிறைந்து கிடக்கிறதா? யாரோ தப்பான பாஸ்வேர்ட் போட்டு முயன்றதற்கான பதிவு அது. அந்தப் பதிவுப் பெட்டி சின்னது, நிரம்பினால் பழையதை அழித்துவிடும். அதனால் இன்னொரு இடத்தையும் பாருங்கள். 'அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ்', அதில் மைக்ரோசாப்ட், அதில் விண்டோஸ், அதில் 'டெர்மினல் சர்வீசஸ் லோக்கல் செஷன் மேனேஜர்'. அங்கே 21 என்ற எண் இருந்தால், அது லாகின் வெற்றியாக நடந்ததற்கான பதிவு. எங்கிருந்து வந்தார்கள் என்ற முகவரியும் பக்கத்திலேயே இருக்கும். 'லோக்கல்' என்று போட்டிருந்தால் கணினி முன்னால் உட்கார்ந்து நுழைந்தது. ஐபி எண் (இணையத்தில் ஒரு கணினியின் முகவரி) இருந்தால் வெளியிலிருந்து.

ஒரு கேள்வி: முதலாளி வீட்டிலிருந்தோ வெளியூரிலிருந்தோ கடைக் கணினியைப் பார்ப்பாரா?

கவிதா, பிறை

அண்ணா, மிக்க நன்றி. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஐ.டி. பிரிவில் இருக்கும் என் பெரியம்மா மகன் வந்து பார்த்தார். முதலாளியிடம் கேட்டுத்தான் பார்த்தோம், அவரும் பக்கத்தில் நின்றார்.

கடைசி அப்டேட் 2023 மார்ச் மாதம். அதன் பிறகு அப்டேட் சேவையையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வைரஸ் தடுக்கும் டிபெண்டரும் நிறுத்தப்பட்டிருக்கிறது. விண்டோஸ் உரிமம் வாங்கியது இல்லையாம், ஏதோ ஆக்டிவேட் செய்யும் கருவி போட்டிருக்கிறது என்று அண்ணன் சொன்னார்.

கோப்புகள் எல்லாம் ஞாயிறு அதிகாலை மூன்று மணியை ஒட்டி மாறியிருக்கின்றன. அப்போது கடை பூட்டிக் கிடந்தது. நீங்கள் சொன்ன இடத்தில் 21 என்ற பதிவு 2:47-க்கு இருக்கிறது. 'அட்மின்' (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) என்ற பெயரில், வெளிநாட்டு ஐபி எண்ணோடு.

ஆமாம், முதலாளி சேலை எடுக்க இந்தியா போகும்போது அங்கிருந்து கணக்குப் பார்ப்பார். அதற்காக டெக்னீஷியன் ரூட்டரில் ஏதோ செய்து கொடுத்திருக்கிறார். பாஸ்வேர்ட் கடைப் பெயரும் 123-ம். கடைப் பெயர் வாசல் பலகையிலேயே இருக்கிறது.

ஆனால் முதலாளி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. "இருந்தாலும் நீ அந்த மெயிலைத் திறந்தாய்தானே" என்கிறார்.

பதில்: சேகர், பிரிக்பீல்ட்ஸ்

நினைத்தேன்.

ரூட்டரில் செய்த அந்த 'ஏதோ' என்பது 3389 என்ற போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து கணினிக்குள் வரும் வாசலை, திறந்து விட்டது. தூரத்திலிருந்து கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வசதியை நேரடியாக இணையத்தில் வைப்பது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் அந்த லாகின் திரைக்கு வந்து பாஸ்வேர்ட் போட்டுப் பார்க்கலாம். ஆள் உட்கார்ந்து போட வேண்டியதும் இல்லை. இப்படித் திறந்து கிடக்கும் முகவரிகளைத் தேடி, ராத்திரி பகலாகப் பாஸ்வேர்ட் போட்டுப் பார்க்கும் மென்பொருள்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. முதலாளி வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும் என்றால் விபிஎன் (பூட்டிய தனி இணைப்பு) போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். என் தொழிலில் இருப்பவர் இதைத் தெரியாமல் செய்திருக்க முடியாது, தெரியாது என்றால் அந்த வேலைக்குக் காசு வாங்கியிருக்கக் கூடாது.

மெயிலைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மெயில் மூலம் நுழைந்து சில நாள் பதுங்கியிருந்து அப்புறம் தாக்குவதும் உண்டு. ஆனால் இங்கே 2:47-க்கு வெளிநாட்டிலிருந்து சரியான பாஸ்வேர்டோடு நேராக உள்ளே வந்த பதிவு கையில் இருக்கிறது, அடுத்த சில நிமிடத்தில் கோப்புகள் மாறியிருக்கின்றன. மெயில்தான் காரணம் என்றால் அந்தக் கூரியர் ரசீதைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். பரிசோதித்துப் பார்த்துவிடலாம். ஒருவேளை அது கெட்ட ரசீதாகவே இருந்தாலும், டிபெண்டரை நிறுத்திய கணினியில், அட்மின் அனுமதியோடு, வெளியாளின் மெயிலைத் திறக்கும் வேலையை ஒருவருக்குக் கொடுத்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்தப் பதிவுகளை ஒரு பென்டிரைவில் சேமித்து வையுங்கள். திரையைப் போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில்: ரவி, சுபாங் ஜெயா

சேகர் அண்ணே, டெக்னீஷியன் விஷயத்தில் நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் தயாரிப்பாளரை அவ்வளவு எளிதில் விட முடியாது. இதே ரிமோட் டெஸ்க்டாப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த வசதி. அதில் பாஸ்வேர்டைத் தப்பாக எத்தனை முறை போட்டாலும் கணக்கு பூட்டிக்கொள்ளாது. நீங்களாகப் போய் அமைத்தால்தான் உண்டு. பத்து முறை தப்பாகப் போட்டால் பத்து நிமிடம் பூட்டுவது என்பதை இயல்பாகவே வைத்து அனுப்ப ஆரம்பித்தது 2022-இல், விண்டோஸ் 11-இல். கஷ்டமான வேலையா இது? நம் வங்கி ஏடிஎம் மூன்று தப்புக்குப் பிறகு அட்டையை நிறுத்தி எத்தனை வருடம் ஆகிறது?

2002-இல் பில் கேட்ஸ் தன் ஊழியர்கள் அனைவருக்கும் ஒரு மடல் எழுதினார். புது வசதி சேர்ப்பதா, பாதுகாப்பைச் சரிசெய்வதா என்று வந்தால் பாதுகாப்பைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று. அதன் பிறகு 2004-இல் எக்ஸ்பி இரண்டாம் சர்வீஸ் பேக்கில் (பெரிய அப்டேட் தொகுப்பு) வெளியார் இணைப்பைத் தடுக்கும் பயர்வாலை இயல்பாகவே இயக்கி அனுப்பினார்கள். அந்த ஒரு மாற்றம் கோடிக்கணக்கான பேரை அவர்களுக்குத் தெரியாமலேயே காப்பாற்றியது. சாதாரண மக்கள் அமைப்புகளுக்குள் போய் எதையும் மாற்றுவதில்லை. எப்படி வந்ததோ அப்படியேதான் ஓடும். அதனால் எப்படி அனுப்புகிறோம் என்பதுதான் எங்களைப் போன்றவர்களின் பொறுப்பு. இருபது வருடம் அதைச் செய்யாமல் விட்டதற்கு உரிம ஒப்பந்தத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது.

பதில்: சேகர், பிரிக்பீல்ட்ஸ்

இந்த இடத்தில் நீ சொல்வதுதான் சரி தம்பி. அந்தப் பூட்டு இயல்பாகவே இருந்திருந்தால் என் மேசைக்கு வந்த கணினிகளில் பல வந்தே இருக்காது. ஆனால் கவிதா தங்கச்சிக்கு நாளைக்கு முதலாளி முன்னால் நிற்க வேண்டும். மைக்ரோசாப்ட் அங்கே வரப்போவதில்லை.

பதில்: புவனா, புக்கிட் மெர்தாஜாம்

கவிதா, கணினியைப் பற்றி இவர்கள் அளவுக்கு எனக்குத் தெரியாது. ஒரு கம்பெனியில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். சம்பளப் பிடித்தம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1955 வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, எதற்கெல்லாம் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று எழுதியே வைத்திருக்கிறது. கூடுதலாகக் கொடுத்துவிட்ட சம்பளத்தைத் திரும்பப் பிடிப்பது, முன்பணத்தைக் கழிப்பது, ஈ.பி.எப்., சொக்சோ போன்ற சட்டப்படியான பிடித்தங்கள், இப்படி. 'கணினி கெட்டுப்போனதால் 3,000 வெள்ளி' என்பது அந்தப் பட்டியலில் இல்லை. முதலாளி தானாக முடிவு செய்து பிடிக்க முடியாது. நீங்கள் தவறு செய்ததாக அவர் நினைத்தால் முறையாக விசாரணை வைக்க வேண்டும். அங்கே நீங்கள் அந்த 2:47 பதிவைக் காட்டலாம்.

'சம்மதிக்கிறேன்' என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். முதலில் மரியாதையாக ஒரு கடிதம் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அதையும் மீறிப் பிடித்தால் சம்பளச் சீட்டோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். அங்கே புகார் கொடுக்க வக்கீல் தேவையில்லை. பயப்படாதீர்கள் தங்கச்சி, சட்டம் உங்கள் பக்கம் தெளிவாகவே இருக்கிறது.

கவிதா, பிறை

அக்கா, கையெழுத்து எதுவும் போடவில்லை. இன்று கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். முதலாளி கெட்டவர் இல்லை. பதினேழு வயதில் கடையில் சேர்த்துக்கொண்டு கணக்குப் படிக்க அனுப்பியவர் அவர்தான். வருடக் கணக்கு போன அதிர்ச்சியில் இருக்கிறார். அவருக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது, அடுத்து கடையில் என்ன செய்யச் சொல்வது என்றும் யாராவது எழுதினால் நல்லது.

பதில்: சேகர், பிரிக்பீல்ட்ஸ்

அவர் நல்லவர் என்றால் வேலை சுலபம். அவரிடம் சட்டத்தை முதலில் எடுக்காதீர்கள். அந்த 2:47 பதிவைக் காட்டி, 'டெக்னீஷியனிடம் பேசுவதை என்னிடம் விட வேண்டாம், நீங்களே இதைக் காட்டி விளக்கம் கேளுங்கள்' என்று சொல்லுங்கள். கோபம் சரியான ஆளிடம் போகும்.

ரூட்டரில் அந்த போர்ட்டை இன்றே மூட வேண்டும். புதுக் கணினி விண்டோஸ் 11 உரிமத்தோடு வாங்கட்டும். கள்ள ஆக்டிவேட்டர் போடுவதற்காகத்தான் டிபெண்டரை நிறுத்துகிறார்கள், பல நேரம் அந்தக் கருவியிலேயே வைரஸ் இருக்கும். பழையதையே ஓட்ட வேண்டும் என்றால் விண்டோஸ் 10-க்குக் காசு கட்டி அப்டேட் வாங்கலாம், ஆனால் தொழில் நிறுவனத்துக்கு முதல் வருடம் ஒரு கணினிக்கு 61 அமெரிக்க டாலர், ஒவ்வொரு வருடமும் இரட்டிப்பு. அதுவும் உரிமம் உள்ள விண்டோஸுக்குத்தான். உங்கள் கடைக்கு அது வேண்டாம். பேக்கப் ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில், எடுத்து முடித்ததும் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டணும். உங்கள் லாகின் சாதாரண யூசராக இருக்கட்டும், அட்மின் வேண்டாம்.

இன்னொரு விஷயம் யாரும் பேசவில்லை. தவணை வாடிக்கையாளர்களின் ஐ.சி. எண், போன் நம்பர் எல்லாம் அதில் இருந்தது என்றீர்கள். கோப்பை முடக்கியவர்கள் நகலும் எடுத்திருக்கலாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2025 ஜூன் முதல் புது விதி. இப்படித் தகவல் கசிந்து மக்களுக்குப் பெரிய பாதிப்பு வரலாம் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடமை தகவலை வைத்திருக்கும் கடைக்காரருடையது. அதைக் கிளார்க் மேலும் தள்ள முடியாது, டெக்னீஷியன் மேலும் தள்ள முடியாது. நேரம் தாண்டியிருந்தாலும் காரணத்தோடு சொல்லிவிடச் சொல்லுங்கள். போலீஸ் ரிப்போர்ட்டும் போடட்டும், இணையப் பாதுகாப்புப் புகார் மையமான சைபர்999-க்கும் தெரிவிக்கட்டும்.

பணம் கட்ட வேண்டாம். கட்டினாலும் சாவி வரும் என்று நம்ப ஆதாரம் இல்லை. ஆனால் அந்தப் பழைய டிரைவைத் தூக்கிப் போடாதீர்கள். ஐரோப்பியப் போலீசும் சில பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-இல் ஆரம்பித்த 'நோ மோர் ரேன்சம்' என்ற தளம் இருக்கிறது. முடங்கிய கோப்பு ஒன்றையும் அந்த மிரட்டல் கடிதத்தையும் அதில் ஏற்றினால் எந்த வகை என்று சொல்லும், சாவி கிடைத்திருந்தால் இலவசமாகவே கொடுக்கும். இன்று இல்லாவிட்டாலும் சில மாதம் கழித்து வரலாம். கோப்பின் பின்னால் ஒட்டியிருக்கும் அந்த எழுத்துகளை இங்கே எழுதுங்கள், நானும் தேடிப் பார்க்கிறேன்.